அம்மா உட்காருகிற பந்தி

நடுவர் அவர்களே, திருப்பாப்புலியூர்ப் பெருமக்களே, வணக்கம். குடும்பங்களை ஒன்றுசேர்ப்பது வீட்டுச் சாப்பாடா, இளைஞர் மன்றங்கள் நடத்தும் ஊர்ப்பந்தியா என்பது தலைப்பு. ஊர்ப்பந்தியே என்று பேச வந்திருக்கிறேன்.

"வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார முடியாதவர்களைத் தெருவில் நானூறு பேரோடு உட்காரவைத்து என்ன பிரயோஜனம்?" என்று எதிரணி ஐயா கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, அந்த நாலு பேரில் அம்மா எப்போது உட்காருகிறார்? அப்பாவுக்குச் சாம்பார், மகனுக்கு இன்னொரு தோசை, மகளுக்குத் தண்ணீர் என்று ஓடிவிட்டு, கடைசியில் அடுப்படியில் தனியாகச் சாப்பிடுகிறார். உங்கள் கணக்கே தப்பு, மூன்று பேர்தான் உட்கார்ந்தார்கள்!

எங்கள் தெரு மன்றத்துப் பையன்களைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஆடிக் கூழுக்கு ஸ்பீக்கர் கட்டி பேனர் வைப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். பேனரில் அம்மனைவிட அவர்கள் முகம் பெரிதாக இருக்கும், அது வேறு கதை. இப்போது சமையலும் அவர்கள் பொறுப்பு. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைக்க வேண்டும், நொய் வெந்த பிறகு ஊற்ற வேண்டும், கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். பையன்களுக்கு இதில் எது தெரியும்? டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்குத்தான் தெரியும். பேரன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வருகிறான். "அடி பிடிக்குதுடா, கையை நிறுத்தாதே!" என்று ஆயா அதட்ட, காலேஜ் பையன் வியர்த்து விறுவிறுத்துத் துடுப்புப் போடுகிறான். வருஷம் முழுக்க "சாப்டியா" என்பதற்கு மேல் பேசாத இரண்டு பேர், ஓர் அண்டாவைச் சுற்றி அரை நாள் பேசுகிறார்கள். அப்பாக்கள் முருங்கைக்கீரை ஆய்கிறார்கள். அம்மாக்களுக்கு முதல் பந்தி. பெற்ற மகன் கருவாட்டுக் குழம்பு ஊற்றும்போது, "இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்று ஓர் அம்மா கேட்டதைப் பார்த்தேன். வீட்டில் அவருக்கு இப்படிக் கேட்க யார் இருந்தார்கள்?

எல்லாவற்றையும் கேட்டரிங்காரரிடம் விட்டுவிட்டு செல்ஃபி எடுக்கும் மன்றங்களும் உண்டே என்று எதிரணி அம்மையார் சொன்னார். உண்டு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நாமே கை வைத்துச் சமைக்காத பந்தியில் வயிறு நிறையும், அவ்வளவுதான்.

நம் கடலூர் மாவட்டத்துக்கு இது புதிதா? 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அது பசித்தவர்களுக்காக மூட்டியது, குடும்பச் சண்டை தீர்க்க அல்ல என்பீர்கள். சரி, தைப்பூசத்துக்கு அங்கே அரிசியும் காயும் அனுப்பும் ஊர்களைக் கேளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் மூட்டை கட்டி அனுப்புகிறார்களா? 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று வீட்டு அடுப்பு நனைந்தபோதெல்லாம் பொது அடுப்புதானே கை கொடுத்தது!

கடைசியாக, பந்தி முடிந்தால் இலை எடுப்பது யார் என்று ஐயா மடக்கினார். பையன்கள்தான் எடுக்கிறார்கள். ஐயா சாப்பிட்ட தட்டை அவர் வீட்டில் யார் எடுக்கிறார்கள்? அவர் வீட்டம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். நடுவர் அவரைக் கேட்டுவிட்டே தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.