சுவர் இருந்தால்தான் சித்திரம்

(மேலூர் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் விளையாட்டு விழாவில் பேசியது. கேட்டவர்களில் சிலர் எழுத்தில் தரும்படி கேட்டதால், பேசியபடியே தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அய்யா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, ஊர் அம்பலகாரர் அய்யா அவர்களே, பந்தலும் மைக்செட்டும் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த முன்னாள் மாணவத் தம்பிகளே, காலையிலிருந்து வெயிலில் ஓடிக் களைத்து உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அம்பலகாரர் அய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த மைதானத்தின் தென்பக்கம் நூறு மீட்டர் ஓடுதளம் வேலியில் முட்டி வளைந்து கிடந்தது. தன் நிலத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுத்து அதை நேராக்கியவர் அய்யாதான். இன்றைக்கு ஓடிய ஒவ்வொரு பிள்ளையும் அவர் மண்ணில் ஓடியிருக்கிறது. தலைமை ஆசிரியர் அம்மா எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்புக்கு நன்றி. அடுத்த வருஷம் அந்தக் காசில் ஸ்கிப்பிங் கயிறு வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அதுதான் எனக்கு மரியாதை.

இன்றைக்கு ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பல்லிகல் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான்கு விஷயம் சொல்கிறேன்: அவருடைய குடும்பம், பரிசுப் பணத்துக்காக அவர் நடத்திய போராட்டம், பிள்ளை பெற்ற பிறகும் அவர் திரும்பி வந்து ஆடியது, அப்புறம் ஒலிம்பிக்.

இங்கே இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஸ்குவாஷை டிவியில்தான் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் சுவர். நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். அதற்குள் இரண்டு பேர், இரண்டு மட்டை, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு கறுப்பு ரப்பர் பந்து. நடுவில் வலை கிடையாது; எதிராளி தோள் உரசும் தூரத்தில் நிற்பார். அடிக்கிற பந்து முன்சுவரில் பட்டாக வேண்டும். திரும்பி வருகிற பந்து தரையில் இரண்டாம் முறை குதிப்பதற்குள் அடுத்தவர் எடுத்தாக வேண்டும். புதுப் பந்தைக் கீழே போட்டால் எழும்பவே எழும்பாது. சுவரில் அடித்து அடித்துச் சூடேற்றிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் பெரியவர்கள் உடம்பை நினைத்துச் சொன்னார்கள். இந்த விளையாட்டுக்கு அது எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

தீபிகா 1991இல் சென்னையில் பிறந்தவர். அம்மா சூசன் இட்டிச்செரியா எழுபதுகளில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு ஆடியவர். பெண்கள் கிரிக்கெட் ஆடுவார்கள் என்பதையே ஊரில் பாதிப் பேர் நம்பாத காலம் அது! கணவர் நம் தமிழ்நாட்டின் முன்னாள் விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக். சகோதரியின் கணவர் சௌரவ் கோஷல், அவரும் இந்தியாவின் முன்னணி ஸ்குவாஷ் வீரராக இருந்தவர். தீபிகாவோடு ஜோடி சேர்ந்து ஆடிய ஜோஷ்னா சின்னப்பாவும் இதேபோலத்தான். அவர் அப்பா தமிழ்நாட்டுக்கு ஸ்குவாஷ் ஆடியவர், மகளுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தவரும் அவரே. இந்த இரண்டு சென்னைப் பெண்களும் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கம் வென்றார்கள். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமே அந்தத் தங்கம்தான். அதற்கு முன்பே, 2012இல், உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண் தீபிகா.

சரி, விளையாட்டுக் குடும்பம் ஒரு பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது? மட்டையும் ஷூவும் காசுள்ள எந்த வீடும் வாங்கித் தரும். விடிகாலையில் மகள் ஷூ கட்டும்போது, "எங்கே கிளம்பிட்ட?" என்று ஒருவரும் கேட்காத வீடு அது. வயதுக்கு வந்த பிறகும் மைதானத்துக்குப் போகலாமா என்ற பேச்சே அங்கே எழாது. தோற்று வந்து அழுதால், தானும் தோற்று அழுத ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சித்திரம் எழுத அந்த வீடு எழுப்பிக் கொடுத்த சுவர் அதுதான்.

இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது எங்கள் கோ-கோ அணியில் ஒரு பெண் இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. காற்று மாதிரி ஓடுவாள். ஒருநாள் வட்டார ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அவளுடைய அப்பத்தா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கேட்டைத் தாண்டி நேரே மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

"எங்க அந்த டீச்சரு? சமைஞ்ச புள்ளைக்கு டவுசர மாட்டி ஊரு பார்க்க ஓட விட்டிருக்கியே, நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"அப்பத்தா, இப்படி உக்காருங்க. இந்த ஆட்டம் முடியட்டும், நானே கூட்டிட்டு வந்து விடுறேன்" என்றேன்.

வேப்பமரத்தடியில் முறைப்பாக உட்கார்ந்தார். வெற்றிலைப் பையை அவிழ்த்தார். ஒரு பாக்கைக் கடித்தார். ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண் மட்டும் இங்கேதான் இருந்தது. பேத்தி உள்ளே இறங்கினாள். துரத்துகிறவள் நெருங்கி வர, இவள் நேராகவே ஓடிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று வேப்பமரத்தடியிலிருந்து ஒரு சத்தம்.

"ஏ கிறுக்கி! தொரத்துறவ அந்தக் கோட்டத் தாண்ட மாட்டாடி! உள்ள பூந்து அங்கிட்டுப் போடி!"

நடுவரே திரும்பிப் பார்த்தார். அப்பத்தா எழுந்து நிற்கிறார், கையில் சுண்ணாம்பு தடவிய வெற்றிலை அப்படியே இருக்கிறது. பேத்தி சட்டென்று உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு நடுவே புகுந்து மறுபக்கம் போனாள். மறுபடியும் புகுந்தாள். துரத்தியவள் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். மைதானம் முழுக்கக் கைதட்டல்.

யோசித்துப் பாருங்கள். கோ-கோ விதியை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் பார்த்தே பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் கேட்டேன்: "அப்பத்தா, நீங்க என்ன வெளையாடுவீங்க?"

"கிளித்தட்டுல என்னையத் தொட்டவ ஒருத்தி கெடையாது தாயி. நெலா வெளிச்சத்துல கோடு கிழிச்சு வெளையாடுவோம். கல்யாணம் ஆச்சு, அதோட போச்சு. அதுக்கப்புறம் ஓடுனதெல்லாம் பஸ்ஸுக்கும் ரேசன் கடைக்குந்தேன்."

அடுத்த ஆட்டத்துக்கு அப்பத்தா தானாக வந்தார், தூக்குவாளியில் நீச்சத்தண்ணியோடு. பேத்திக்கு மட்டும் இல்லை, அணி முழுவதற்கும். அதற்கடுத்த ஆட்டத்தில் எதிரணி டீச்சரோடு சண்டை போடவும் முதல் ஆளாக நின்றார். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இரண்டும் விளையாடுகின்றன.

அதுவும் விளையாட்டுக் குடும்பம்தானே? அப்பத்தாவின் கிளித்தட்டு எந்த ரிக்கார்டிலும் இல்லை. ஆனால் கால்களில் இருந்தது, பேத்திக்கும் வந்தது. சுவர் அந்த வீட்டில் எப்போதும் இருந்தது. சித்திரம் எழுதத்தான் விடவில்லை. இங்கே முந்தானையை வாயில் பொத்திச் சிரிக்கிற அம்மாக்களே, உங்களில் எத்தனை பேர் பாண்டி ஆட்டத்திலும் கிளித்தட்டிலும் ஜெயித்தவர்கள்? இன்று ராத்திரி அதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

நம் மதுரையையே பாருங்கள். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி பெற்றோரை இழந்தவர், பாட்டி கூலி வேலை செய்து வளர்த்தார். வெறுங்காலில் ஓடிப் பழகிய அந்தப் பெண் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஜெர்லின் அனிகா, காது கேளாத நம் மதுரைப் பிள்ளை, 2022இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் பாட்மிண்டனில் மூன்று தங்கம். ரேவதியின் பாட்டி எந்த அணிக்கும் ஆடியவரில்லை. "போ, ஓடு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அதுவும் விளையாட்டுக் குடும்பமாகிவிட்டது.

இரண்டாவது விஷயம், பரிசுப் பணம். தேசிய ஸ்குவாஷ் போட்டியில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த தொகை. தீபிகா 2012 முதல் 2015 வரை அந்தப் போட்டிக்கே போகவில்லை. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வேண்டாம் என்று நான்கு வருஷம் ஒதுங்கி நிற்பது லேசான காரியமா? 2016இல் இருவருக்கும் ஒரே தொகை என்றானது. திரும்பி வந்து ஆடினார், அந்த வருஷமே பட்டத்தையும் வென்றார். அவர் கேட்டது சலுகை இல்லை, சமம். நம் பள்ளிகளுக்கு வாருங்கள். பையன்களுக்கு மைதானம் முழுக்க வாலிபால், கிரிக்கெட். பெண் பிள்ளைகளுக்கு வராண்டா ஓரத்தில் ஒரு ரிங். இதைக் கேட்க இங்கே யார் ஒதுங்கி நின்றார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனால் ஆட்டம் முடிந்தது என்கிறோமே! தீபிகாவுக்கு 2021 அக்டோபரில் இரட்டைப் பிள்ளைகள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2022 ஏப்ரலில் உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவோடு ஒரு தங்கம், சௌரவ் கோஷலோடு இன்னொரு தங்கம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஹரிந்தர் பால் சிங் சந்துவோடு கலப்பு இரட்டையர் தங்கம். பிள்ளை பெற்ற உடம்பைத் திரும்பக் கட்டி எழுப்பி வாங்கிய பதக்கங்கள் இவை. சுவர் இருந்தால்தான் சித்திரம். இடிந்த சுவரையும் கட்டலாம் என்று அவர் காட்டினார். வீட்டார் தாங்கிப் பிடித்தால் நம் வீட்டு மருமகள்களுக்கும் இது முடியும். மாமியார்மார்கள் கவனிக்க வேண்டும்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல்முறையாக இடம்பெறுகிறது. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஸ்குவாஷ் உலகக் கோப்பையை இந்தியா முதல்முறையாக வென்றது. 39 வயது ஜோஷ்னா அந்த அணியில் ஆடினார். இவ்வளவும் சரி. ஆனால் 2028க்கும் 2032க்கும் போக வேண்டிய பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது? ஏதோ ஒரு பத்தாம் வகுப்பில், பி.டி. பீரியடில், கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டுப் பாடவேளையை மற்றப் பாடங்கள் எடுத்துக்கொள்கின்றன. மதிப்பெண் கவலை எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் விளையாடிய அம்மா இல்லாத பிள்ளைக்கு, வாரத்தில் அந்த இரண்டு பீரியடுதான் அம்மா, அப்பா, விளையாட்டுக் குடும்பம் எல்லாமே. அதைப் பிடுங்கினால் பையன் சாயங்காலம் கண்மாய்க்கரையிலாவது ஆடிக்கொள்வான். பெண் பிள்ளை நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கு வேறு மைதானமே கிடையாது. கல்வி அலுவலர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே, உரிமையோடும் பணிவோடும் இதைக் கேட்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறோம். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது. சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரை மைதானத்தின் கேட் திறந்திருக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு அதில் பாதி இடம் ஒதுக்க வேண்டும். உடை மாற்ற ஓர் அறை வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும். தலைவி அம்மா தானே முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

மனு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது, பேனாவும் மை டப்பாவும் பக்கத்திலேயே. பரிசளிப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடாமல், ஒரு வீட்டுக்கு ஒருவராவது கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.