கடல் கடந்த சாட்சி

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நம்முடைய மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் காணி வழக்கானாலும் விவாகரத்து வழக்கானாலும், முக்கியமான சாட்சி ஒருவர் சுவிசிலோ கனடாவிலோ கட்டாரிலோ இருப்பது வழமையாகிவிட்டது. "அவருக்கும் ஒரு அழைப்பாணை அனுப்புங்க" என்று கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் கேட்பார். ஏறாவூரில் இருக்கும் சாட்சி அழைப்பாணைக்கு வராவிட்டால் நீதிமன்றம் பிடியாணை பிறப்பிக்கலாம். சூரிச்சில் இருப்பவரை அந்தக் கடதாசி ஒன்றும் செய்யாது. அங்குள்ள நீதிமன்றம் தன் பெயரில் கட்டளையிட்டால்தான் அவர் கட்டுப்படுவார்.

ஒரே நாட்டுக்குள்ளும் இப்படி நடக்கிறது. அமெரிக்காவில் நியூயோர்க் நீதிமன்றம் கொடுத்த சாட்சி அழைப்பாணை பக்கத்து நியூ ஜெர்சியில் தானாகச் செல்லாது. 2007இல் அங்கு ஒரு மாதிரிச் சட்டம் தயாரானது, பெரும்பாலான மாநிலங்கள் அதை ஏற்றன. அதன்படி, சாட்சி இருக்கும் மாவட்டத்து நீதிமன்றப் பதிவாளரிடம் வெளிமாநில அழைப்பாணையைக் கொடுத்தால், அதே விடயத்தை வைத்து உள்ளூர் அழைப்பாணை ஒன்றை அவர் வழங்குவார். ஆட்சேபனை இருந்தால் சாட்சி தன் ஊர் நீதிமன்றத்திலேயே சொல்லலாம். நாடு விட்டு நாடு போகும்போது வேலை கூடும், ஆனால் அடிப்படை இதுதான்.

அதற்கு முதல் ஒரு கேள்வி. அந்தச் சாட்சி உண்மையில் தேவைதானா?

காணி உறுதியை எடுப்போம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கைச்சாத்திடப்பட வேண்டும். சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 68ஆம் பிரிவு அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது அழைக்கச் சொல்கிறது. ஆனால் அவர் உயிரோடும், நீதிமன்றத்தின் கட்டளை எட்டும் இடத்திலும் இருந்தால்தான். இரண்டு சாட்சிகளும் வெளிநாட்டில் என்றால் 69ஆம் பிரிவுக்குப் போகலாம். அப்போது மூன்று விடயங்களை நிரூபிக்க வேண்டும். சாட்சிகள் நாட்டில் இல்லை என்பது முதலாவது. உறவினர் ஒருவரின் வாய்மொழியோடு, முடிந்தால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பதிவையும் கொடுங்கள். அடுத்தது, ஒரு சாட்சியினுடைய கையெழுத்தாவது அவருடையதே என்பது. அவர் எழுதுவதைப் பார்த்தவர், அல்லது அவரிடமிருந்து கடிதம் பெற்றுப் பழகியவர் இதைச் சொல்லலாம். மூன்றாவது, உறுதியை எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து. வழக்குகள் தடுக்கி விழுவது இந்த மூன்றாவதில்தான். சாட்சியின் கையெழுத்தை மட்டும் நிரூபித்துவிட்டு, கொடுத்தவரின் கையெழுத்தை மறந்துவிடுகிறார்கள்.

உறுதி முடித்த நொத்தாரிசு, எழுதிக் கொடுத்தவரை நேரடியாக அறிந்தவர் என்றால் அவரையே 68ஆம் பிரிவு கேட்கும் அத்தாட்சிச் சாட்சியாகக் கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றம் 1956இலேயே தீர்த்திருக்கிறது. 2022இல் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, உறுதியின் உண்மைத்தன்மையை எதிர்த்தரப்பு மறுத்து வழக்காடாவிட்டால் இந்த நிரூபணமே பொதுவாகத் தேவைப்படாது. ஆகவே விமானச் சீட்டுக்குக் காசு தேடுவதற்கு முன் எதிராளியின் மறுமொழியை ஆறுதலாக வாசியுங்கள்.

சாட்சி கட்டாயம் வேண்டும், அவர் வர மறுக்கிறார் என்றால் வேண்டுகோட் கடிதம்தான் வழி, அதாவது சாட்சியம் எடுத்துத் தரும்படி அந்த நாட்டு நீதிமன்றத்தை நம் நீதிமன்றம் கேட்கும் கடிதம். இப்படி நாடுகளுக்கிடையே சாட்சியம் பெறுவதற்கான 1970ஆம் ஆண்டின் ஹேக் சாட்சிய உடன்படிக்கையில் இலங்கை 2000இல் இணைந்தது. ஆனால் இலங்கை இணைந்ததை மற்ற நாடும் தனியாக ஏற்றிருந்தால்தான் அந்த நாட்டோடு அது செல்லும், அதை முதலில் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, நீதிபதி கையொப்பமிட்ட கடிதம் நீதி அமைச்சின் வழியாக இத்தகைய கடிதங்களைப் பெறும் மற்ற நாட்டின் மத்திய அதிகாரசபைக்குப் போகும்.

கடிதத்தில் வழக்கின் தன்மை, தரப்பினரின் பெயர் விலாசம், சாட்சியின் பெயர் விலாசம், கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இருக்க வேண்டும். பெயரில் மிகக் கவனம் தேவை. இங்கே தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு இருந்தவர், அங்கே தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக வைத்திருப்பார். உறுதியிலுள்ள பெயர், கடவுச்சீட்டிலுள்ள பெயர் இரண்டையும் எழுதுங்கள். எதிர்த்தரப்பின் குறுக்குக் கேள்விகளையும் சேர்த்தே அனுப்புங்கள். இல்லாவிட்டால், திரும்பி வரும் வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணைக்கு இடம் தரவில்லை என்று இங்கே தாக்குவார்கள்.

ஆவணம் கேட்கும்போது "வங்கிக் கணக்கு சம்பந்தமான எல்லாப் பத்திரங்களும்" என்று எழுதினால் இங்கிலாந்து நீதிமன்றம் தராது. அங்குள்ள 1975ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட ஆவணத்தைத்தான் கேட்க விடும். எந்த வங்கி, எந்தக் கணக்கு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரையான கணக்குக் கூற்று என்று எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் ஒரு சொல். நம்முடைய வயற்காணி வழக்கில் 'வட்டை' (வயல்வெளி), 'போடியார்' (வயற்சொந்தக்காரர்), 'முல்லைக்காரர்' (அவருக்காக வயலில் வேலை பார்ப்பவர்) எல்லாம் வரும். வேறு ஊர்த் தமிழ் பேசும் ஒருவர் முல்லைக்காரரை முல்லைத்தீவு ஆள் என்று மொழிபெயர்த்துவிட்டால் சாட்சியமே தடம் மாறிவிடும். கேள்விகளோடு ஒரு சொற்பட்டியலையும் இணைத்து விடுங்கள்.

கனடா, கட்டார், சவூதி இந்த ஹேக் உடன்படிக்கையில் இல்லை. அங்கே கடிதம் நீதி அமைச்சிலிருந்து வெளிநாட்டு அமைச்சுக்கும், அங்கிருந்து தூதரகத்துக்கும் போய், அந்த நாட்டு நீதிமன்றத்தைச் சேரும். வளைகுடா என்றால் அரபு மொழிபெயர்ப்பும் வேண்டும். மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை என்பதால் நீதிமன்றத்திடம் நீண்ட தவணை கேளுங்கள். அமெரிக்காவில் மட்டும் வேறொரு வசதி உண்டு. அந்நாட்டுச் சட்டக்கோவை 28ஆம் தலைப்பின் 1782ஆம் பிரிவின் கீழ், இங்குள்ள வழக்கின் தரப்பினர் ஒருவரே அங்கு சட்டத்தரணி வைத்து, சாட்சி வசிக்கும் இடத்துச் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தை நேரடியாகக் கேட்கலாம். கட்டளை தருவது அந்த நீதிபதியின் தற்றுணிபு.

சாட்சி விருப்பத்தோடு பேசுபவர் என்றால், இலங்கைத் தூதரக அதிகாரி முன் சத்தியக்கடதாசி முடிக்கலாம். ஆனால் முழு விசாரணை நடக்கும் வழக்கில் சத்தியக்கடதாசி குறுக்கு விசாரணைக்கு ஈடாகாது. "சூமில் எடுத்தால் என்ன" என்றும் கேட்கிறார்கள். சுவிசில் இருப்பவரிடம் தயவுசெய்து அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அனுமதிக்கப்பட்ட வழியை விட்டு, வெளிநாட்டு நீதிமன்றத்துக்காக அந்த மண்ணில் சாட்சியம் எடுப்பது சுவிஸ் குற்றவியல் கோவையின் 271ஆம் பிரிவின்படி குற்றமாகலாம்.

இனி மறுபக்கம். கல்முனையில் இருக்கும் உங்களுக்கு லண்டன் நீதிமன்றத்தின் அழைப்பாணை தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தால், முதலில் அது உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறதா, எதிராளியாகவா என்று பாருங்கள். சாட்சி என்றால், இங்குள்ள நீதிமன்றம் கட்டளையிடும்வரை உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. எதிராளி என்றால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் தோன்றாமலே அங்கு தீர்ப்பு வரலாம். கடித உறையையும் தூக்கிப் போடாதீர்கள், நாட்களை எண்ணும்போது அதிலுள்ள தபால் முத்திரைத் திகதி உங்கள் சட்டத்தரணிக்கு உதவும்.