எக்ஸ்ரே கழுவிய தண்ணீரில் வெள்ளி

வணக்கம் மக்களே! நான் இப்போது நிற்பது அனுமதி பெற்ற ஒரு வெள்ளி மீட்புக் கூடத்தில். இந்த வாளியில் இருப்பது எக்ஸ்ரே படம் கழுவிய பழைய ஃபிக்சர், அதாவது படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனக் கரைசல். ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்களே, அதே சரக்குதான். பார்த்தால் அழுக்குத் தண்ணீர். ஆனால் நிறையப் படம் கழுவித் தீர்ந்த ஃபிக்சரில் லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி கரைந்திருக்கும்.

படத்தில் பூசியிருப்பதே வெள்ளி உப்புதான். கதிர் பட்ட இடம் டெவலப்பரில், அதாவது படத்தை முதலில் முக்கும் கரைசலில், கறுத்து, உலோக வெள்ளியாகப் படத்திலேயே தங்கிவிடும். படாத இடத்து உப்பை ஃபிக்சரில் உள்ள தயோசல்பேட் கரைத்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு வெளுப்பாகத் தெரிகிறது இல்லையா, அந்த இடத்து வெள்ளி பெரும்பாலும் இந்த வாளிக்குள்தான் இருக்கிறது!

சரி, பிரிப்பதைப் பார்ப்போம். கார்பன் கம்பி பாசிட்டிவ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு நெகட்டிவ். டிசி கரண்ட் கொடுத்தால் வெள்ளி தகட்டில் வந்து படியும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் கணக்குப்படி 4 கிராம். நடைமுறையில் அதைவிடக் குறையும்.

கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். இந்தத் தகட்டில் சாம்பல் கலந்த வெள்ளை, தட்டினால் செதில் செதிலாகப் பெயர்கிறது. பக்கத்துத் தகடு, வித்தியாசம் காட்டுவதற்காகவே கரண்டைக் கூட்டி எடுத்தது. கரியாக, சேறு மாதிரி இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் வேறு. இது வெள்ளி சல்பைடு. இந்த வேலையில் அவசரம் ஆகவே ஆகாது. வெள்ளி குறையக் குறைய கரண்டையும் இறக்கிக்கொண்டே வர வேண்டும், கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியில் மிஞ்சுகிற கொஞ்சத்தை இரும்பு நாரில் விட்டு எடுக்கிறார்கள். இரும்பு கரைய, அந்த இடத்தில் வெள்ளி உட்காரும். முழுக்க இரும்பு நாரை மட்டும் நம்பினால் கிடைப்பது சேறுதான், அதைச் சுத்தம் செய்யவே தனி வேலை. அதனால் முதலில் கரண்ட், அப்புறம் நார் என்ற இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தயவுசெய்து இதை வீட்டில் செய்யாதீர்கள். ஃபிக்சரில் அமிலம் பட்டால் சல்பர் டை ஆக்சைடு கிளம்பும், மூச்சு முட்டிவிடும்.

சாக்கடையில் கொட்டினால் பணம் மட்டும் போவதில்லை. கரைந்த வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும். சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்பதே அந்தப் பாக்டீரியாதான். 2016 மருத்துவக் கழிவு விதிகளும் இதை மஞ்சள் பிரிவில் வைத்து, மீட்க வேண்டியதை மீட்ட பிறகே அடுத்த கட்டத்துக்கு விடச் சொல்கின்றன. டிஜிட்டல் வந்து ஃபிலிம் குறைந்துவிட்டது, உண்மை. இன்னும் ஃபிலிம் கழுவும் லேபில் யாராவது வேலை பார்த்தால், உங்கள் ஃபிக்சரை யார் எடுத்துப் போகிறார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். பதிலைக் கமெண்டில் போடுங்கள்.

அடுத்த வீடியோவில் இந்தச் செதில்களை உருக்குகிறார்கள். 962 டிகிரி வேண்டும். உலை தயாராகிக்கொண்டிருக்கிறது.