மாற்றல் வந்தால் எந்தத் தெருவுக்குக் குடிபோவது?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவாரே, அந்த வேலை. கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம், முதுநகர் என்று பல காலம் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். அதனால் வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் யாராவது ஒருவர் மூலமாக என்னைத் தேடிவந்து, "சார், வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். குறிப்பாக, தாத்தா, பாட்டி, பிள்ளைகள், அத்தை, சித்தப்பா என்று எட்டு, ஒன்பது பேராக வருகிற குடும்பங்களுக்கு.

வருகிறவர் முதலில் கேட்பது, "வேலை செய்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம்?" என்பதுதான். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை என்றால் சிப்காட் பக்கம், கலெக்டர் ஆபீசில் வேலை என்றால் மஞ்சக்குப்பம். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழு மணிக்கு வருவார். அந்தத் தெருவில் அவர் இருப்பதே தூங்குகிற நேரம்தான். மீதி ஏழு பேர் பகல் முழுக்க அங்கேதான் வாழப்போகிறார்கள். வீடு பார்க்கும்போது அந்த ஏழு பேரை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். தேனிப் பக்கத்துக் குடும்பம். மகனுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள், தனியாக இருந்த அத்தை, காலேஜ் படிக்கிற அத்தை மகன். மொத்தம் ஒன்பது பேர். சிதம்பரம் ரோட்டை ஒட்டிப் புதிதாக மனை போட்ட ஒரு நகரில் வீடு பிடித்தார்கள். நல்ல பெரிய வீடு. முன்னால் கார் நிறுத்த இடம், மாடியில் இரண்டு அறை, தரையெல்லாம் பளபளப்பு. கம்பெனிக்குப் பத்து நிமிடம். மகனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் மீட்டர் பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்டைத் திறக்கிறவர் அந்தத் தாத்தாதான். பைக் சத்தம் கேட்டதுமே வந்துவிடுவார். "உட்காருங்க தம்பி, காப்பி சாப்பிட்டுப் போகலாம்" என்பார். எனக்கு இன்னும் அறுபது வீடு பாக்கி இருக்கும். ஆனாலும் உட்காருவேன். உட்கார்ந்தால் விடமாட்டார். தோட்டம், மாடு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், தன் பஞ்சாயத்து காலம் என்று பேசிக்கொண்டே இருப்பார். அவருக்குப் பேச ஆள் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்த நகரில் பாதி மனை காலி. இருந்த வீடுகளிலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். டீக்கடை பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோட்டை அவர் எப்படிக் கடப்பார்? பாட்டிக்குச் சர்க்கரை, மாத்திரை தீர்ந்தால் மகன் வரும்வரை காத்திருக்க வேண்டும். மருமகளுக்குக் கால் கிலோ உளுந்து வேண்டுமென்றாலும் போன் போட்டு, வரும்போது வாங்கிவாருங்கள் என்று சொல்ல வேண்டும். அத்தைக்குச் செவ்வாய், வெள்ளியில் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. போக வழியில்லை. போர்வெல் தண்ணீர் உப்பு. சில இரவுகளில் காற்று திரும்பினால் ஒரு நெடி வேறு.

அடுத்த வருஷம் அந்த வீட்டில் வேறு ஆட்கள். விசாரித்தால், திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றுக்குக் குடிபோய்விட்டார்கள் என்றார்கள். அதுவும் நான் மீட்டர் பார்க்கிற பகுதிதான். பழைய வீடு. பின்கட்டுக்கு ஓடு. அறைகள் சின்னது. நான் போனபோது கேட்டைத் திறந்தது பாட்டி. தாத்தா எங்கே என்று கேட்டேன். "அவரா? காலையில பேப்பர் படிக்கப் போனவரு, இன்னும் வரலை" என்றார். அத்தை கோயிலில் பூ கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். மருமகள் பான்பரி மார்க்கெட்டுக்கு நடந்தே போய் மீன் வாங்கி வந்து, வாசல் குழாயடியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார். மகன்தான் இப்போது தினமும் அரை மணி நேரம் வண்டி ஓட்டுகிறார். ஒருவர் அரை மணி நேரம் கூடுதலாக ஓட்ட, எட்டுப் பேருக்கு ஊர் கிடைத்துவிட்டது. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

புறநகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது பேருக்கு ஊருக்குள் இடம் கிடைப்பது கஷ்டம், வாடகையும் கட்டாது. புறநகருக்குத்தான் போக வேண்டியிருக்கும். போகிற புறநகர் பழைய கிராமத்தை ஒட்டியதா, அல்லது வெறும் வயலில் கல் நட்டுப் பெயர்ப் பலகை வைத்ததா என்று மட்டும் பாருங்கள். வண்டிப்பாளையம், புதுப்பாளையம், புதுச்சேரியில் வில்லியனூர், அரியாங்குப்பம், லாஸ்பேட்டை, இவையெல்லாம் தனி ஊராக இருந்து நகரத்தோடு சேர்ந்தவை. அங்கே கோயில் இருக்கும், சலூன் இருக்கும், மருந்துக்கடை இருக்கும், திண்ணையில் நாலு பேர் இருப்பார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரை ஒரு நாள் அழைத்து வந்து, பெரிய ரோட்டைக் கடக்காமல் பால், மாத்திரை, பேப்பர், கோயிலோ மாதா கோயிலோ பள்ளிவாசலோ, இதெல்லாம் நடந்து போய் வர முடிகிறதா என்று நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பைக்கில் பார்த்துவிட்டு, பக்கம்தான் என்று சொல்லாதீர்கள். உங்கள் பக்கம் வேறு, அவர் பக்கம் வேறு.

பிள்ளைகளுக்கும் இதே மாதிரிதான். பள்ளிக்கூடம் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, நடுவில் எத்தனை ரயில்வே கேட் என்றும் பாருங்கள். 2025 ஜூலையில் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனதை நம் மாவட்டம் மறக்காது. வேன் எந்த வழியாகப் போகிறது என்று டிரைவரிடமே கேட்பதில் தவறில்லை.

சரி, இனி தண்ணீருக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்ச நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றல் உத்தரவு பெரும்பாலும் கோடையில் வருகிறது. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். அதனால் ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வீடு தேடுகிறோம். அப்போது எல்லாத் தெருவும் காய்ந்து கிடக்கும், எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். நம் பக்கத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். வெயிலில் பார்த்து முடிவு செய்த வீட்டின் குணம் அப்போதுதான் தெரியும்.

கடலூர் நகரத்துக்கு நடுவில் கெடிலம் ஓடுகிறது, வடக்கே தென்பெண்ணை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர். கடலூரில் மழை ஓய்ந்த பிறகுதான் பெரிய வெள்ளம் வந்தது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு, உச்சிமேடு பக்கமெல்லாம் தென்பெண்ணைத் தண்ணீர் நின்றது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். அதனால் நம் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா என்று கேட்டால் மட்டும் போதாது. ஆறு பெருகினால் எதுவரை வரும் என்றும் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? புரோக்கரிடம் கேட்டால், சொட்டுத் தண்ணீர் நிற்காது என்பார். வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்வார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள், பால் போடுகிறவரிடம் கேளுங்கள். ஃபெஞ்சல் அன்றைக்கு வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் போதும், தெரு முழுக்க வரலாறு வந்துவிடும்.

நீங்களும் கண்ணால் பார்க்கலாம். முதலில் மீட்டரைப் பாருங்கள். நான் மீட்டர் பார்த்தவன் என்பதால் சொல்லவில்லை. வெள்ளம் வந்த வீட்டில் மீட்டர் போர்டைக் கழற்றி மேலே ஏற்றியிருப்பார்கள். கீழே பழைய போர்டு இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள், சுற்றிச் சதுரமாக வேறு நிறத்தில் சுண்ணாம்பு. அதைப் பார்த்தாலே எதுவரை தண்ணீர் வந்தது என்று தெரியும். அப்புறம் சுவரில் முழங்கால் உயரம்வரை மட்டும் புதிதாக பெயிண்ட் அடித்திருக்கிறதா, அலமாரிக் கதவின் அடிப்பலகை உப்பியிருக்கிறதா, தெருவை விட வாசல்படி தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் ரோடு போடும்போதெல்லாம் தெரு ஏறுகிறது, பழைய வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குடிக்கிற தண்ணீருக்கு, வீடு பார்க்கப் போகும்போது ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்துவந்து டீ போட்டுப் பாருங்கள். உப்பாக இருந்தால் டீ காட்டிக்கொடுத்துவிடும். பாத்ரூம் குழாயடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரின் அளவும் முக்கியம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கிற கணக்கு. ஒன்பது பேருக்கு 1,215 லிட்டர். வாடகை வீட்டு மாடியில் இருப்பது 500 அல்லது 1,000 லிட்டர் டேங்க். அதாவது ஒரு நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதாது. கரண்ட் இல்லாத நாளில் அந்த வீட்டில் காலை நேரம் எப்படி இருக்கும்? கீழே சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, இருக்கிறதா என்று கேளுங்கள். செப்டிக் டேங்க் எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது லாரி வந்தது என்றும் கேளுங்கள். நாலு பேருக்குக் கட்டிய தொட்டி ஒன்பது பேருக்குத் தாங்காது. மழைக்காலத்தில் அது நிரம்பினால் லாரியும் தெருவுக்குள் வராது.

அதனால் என் யோசனை இது. முடிந்தால் முதல் வருஷம் ஊருக்குள், மேடான பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருங்கள். ஒரு கார்த்திகை மாதம் போகட்டும். மழை விட்ட மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு நீங்கள் நினைத்த நகர்களையெல்லாம் ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தத் தெரு காய்ந்திருக்கிறதோ அங்கே தை பிறந்ததும் வீடு பாருங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வருஷம் குடும்பத்தையே நகர்த்த வேண்டாம். வேலைக்குப் போகிறவர் மட்டும் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொள்ளட்டும்.

கரண்ட் பில் பற்றிச் சொல்லாமல் போனால் என் பழைய நண்பர்கள் கோபிப்பார்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். தாண்டியவர்களுக்கு அட்டவணையே வேறு, கீழே உள்ள யூனிட்டுக்கும் கட்டணம் ஏறும். பெரிய குடும்பம் கோடையில் 500-ஐச் சுலபமாகத் தாண்டும். அண்ணன் தம்பி தனித்தனியாகச் சமைக்கிற குடும்பமென்றால், தனித்தனி மீட்டர் உள்ள மாடிப் போர்ஷன், கீழ்ப் போர்ஷன் என்று பார்க்கலாம். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீடாக இருந்தால், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மாநில எல்லை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் வேலை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் பக்கம் வீடு என்று பலர் பார்க்கிறார்கள். அது புதுச்சேரி. முள்ளோடையைத் தாண்டினால் ரேஷன் கார்டு வேறு, வண்டிப் பதிவு வேறு. அங்கே அரசுப் பள்ளிகளில் 2023-24 முதல் சிபிஎஸ்இ பாடத்திட்டம் வந்துவிட்டது, இங்கே மாநிலப் பாடத்திட்டம். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்க 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் பிள்ளையை எல்லை தாண்டிச் சேர்த்தால் அது போய்விடும். புதுச்சேரியில் மருத்துவப் படிப்புக்கு இடம் கேட்கவும் இருப்பிடச் சான்று கேட்பார்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளைகளின் வகுப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, வீட்டுக்காரரிடம் எத்தனை பேர் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். நாலு பேர் என்று சொல்லி ஒன்பது பேராகப் போனால் முதல் மாதமே முகம் சுளிப்பு. ஒப்பந்தத்தில் ஆள் எண்ணிக்கை, தண்ணீர், செப்டிக் லாரிச் செலவு யாருடையது என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். நன்றி, வணக்கம்.