காலி மேகசினுக்கும் கேஸ் உண்டு மக்களே

வணக்கம் மக்களே. "ப்ரோ, துப்பாக்கியப் பூட்டி டிக்கில வச்சிட்டா எந்த ஸ்டேட் வழியாவும் போலாம்தானே"ன்னு நிறைய பேரு கேக்குறீங்க. துப்பாக்கிக்கு ஓகே, மேகசின்தான், அதான் தோட்டா அடுக்கி துப்பாக்கில சொருகுற கூடு, அதுதான் மாட்டி விடும்.

நான் பென்சில்வேனியா, போகப்போறது மெய்ன். ரெண்டு இடத்துலயும் மேகசினுக்கு லிமிட்டே கிடையாது, ஆனா நடுவுல நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், ரூட்டைப் பொறுத்து நியூ ஜெர்சியும், எல்லாத்துலயும் ஒரு மேகசினுக்கு 10 ரவுண்டு, அதாவது 10 தோட்டாதான். சுத்திப் போலாம்னா அமெரிக்காவுக்குள்ள நியூயார்க்கைத் தொடாம ரோடே இல்ல, மேப் எடுத்துப் பாருங்க. இதோ என் க்ளாக் 19 கைத்துப்பாக்கி கூட வந்த மேகசின், கேமராவுக்குக் கிட்ட காட்டுறேன், பின்பக்கம் வரிசையா ஓட்டை இருக்கா, பக்கத்துலயே நம்பர், கடைசி ஓட்டைல 15. போலீஸ்காரர் எண்ணிப் பாக்கணும்னே அவசியமில்ல. நியூ ஜெர்சில இது உள்ள தோட்டாவே இல்லாம வெறும் கூடா இருந்தாலும் குத்தம்தான், 18 மாசம் வரைக்கும் ஜெயில்.

எந்த ஸ்டேட் வழியாவும் துப்பாக்கி கொண்டு போலாம்னு எல்லாரும் காட்டுற 1986 ஃபெடரல் சட்டம் என்ன சொல்லுதுன்னா, கிளம்புற இடத்துலயும் போற இடத்துலயும் வச்சிருக்க உரிமை இருக்கணும், துப்பாக்கில தோட்டா இருக்கக்கூடாது, துப்பாக்கியோ தோட்டாவோ சீட்ல இருந்து கை எட்டக்கூடாது, எஸ்யூவி மாதிரி தனி டிக்கி இல்லாத வண்டின்னா பூட்டுன பெட்டி, க்ளவ் பாக்ஸ், கன்சோல்லாம் செல்லாது. துப்பாக்கி இருக்கு, தோட்டா இருக்கு, மேகசின்னு அதுல எங்கயுமே இல்ல. அப்ப கோர்ட்ல போய் வாதாடிக்கலாம்னு சொல்றவங்க வக்கீல் ஃபீஸ் கட்டிப் பாத்திருக்க மாட்டாங்க.

அந்தச் சட்டமே எவ்ளோ மெலிசுன்னு பாருங்க. 2005ல யூட்டாக்காரர் ஒருத்தர் பென்சில்வேனியாவுக்கு வர்ற வழியில நியூ ஜெர்சி நூவர்க் ஏர்போர்ட்ல கனெக்ஷன் மிஸ் ஆகி, பெட்டிய வாங்கிட்டு ராத்திரி ஓட்டல்ல தங்கிட்டாரு. காலைல ஏர்போர்ட் கவுண்டர்ல அவரே "பெட்டில துப்பாக்கி இருக்கு"ன்னு ஒழுங்கா சொன்னாரு, அங்கயே அரெஸ்ட். அப்புறம் கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க, ஆனா இவர் திருப்பிப் போட்ட வழக்குல 2010ல அப்பீல் கோர்ட்டு, ராத்திரி பூரா பெட்டி உங்க கைல இருந்துச்சே, அப்ப இந்தப் பாதுகாப்பு கிடையாதுன்னு சொல்லிடுச்சு. அதனால வழியில நியூ ஜெர்சி எடிசன்ல இறங்கி தோசை சாப்ட்டு, ஃப்ரெண்டு வீட்ல ஒரு நைட் தங்கிட்டுப் போலாம்ங்கிற பிளானெல்லாம் இந்த மாதிரி ட்ரிப்ல வேணாம்.

க்ரீன் கார்டுல இருக்கவங்க இன்னும் உஷாரா இருக்கணும், துப்பாக்கி சம்பந்தமா ஒரு தண்டனை விழுந்தா நாடு கடத்துற வரைக்கும் போகும். எச்1பி ஆளுங்க, ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு தவிர துப்பாக்கியே வச்சிருக்கக் கூடாது, அது தனிக்கதை.

நான் என்ன பண்றேன்னா, 15 ரவுண்டு எல்லாத்தையும் வீட்டு லாக்கர்ல போட்டுட்டு, க்ளாக்கே விக்குற 10 ரவுண்டு மேகசின் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன், அதான் பெட்டிக்குள்ள போகுது. வெர்மான்ட்ல கைத்துப்பாக்கிக்கு 15 வரைக்கும் ஓகேன்னு எனக்கும் தெரியும், ஆனா அங்க போய்ச் சேரவும் நியூயார்க்கத் தாண்டணுமே ப்ரோ.