ஐம்பது வெள்ளி நோட்டின் பின்பக்கம்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

யாரிடமாவது சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். அது எல்லாருக்கும் தெரியும். பின்பக்கத்தில் இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்று சென் வென் சி வரைந்த குரங்குகள். இன்னொன்று சியோங் சூ பியெங் 1978இல் வரைந்தது: பெண்கள் கருவாடு காயவைக்கிறார்கள். பிக்காசோ, வான் கோ என்று சொல்லத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயர்கள் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். வான் கோவைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊர்க்காரர்களையும் படிக்க வேண்டும் என்கிறேன்.

ஏன்? இவர்கள் முன் நின்ற கேள்வி நம்முடைய கேள்வியும்கூட. சியோங் 1917இல் சீனாவின் ஷியாமெனில் பிறந்தவர், 1946இல் இங்கு வந்தார். அவர் கற்றிருந்தது சீன மை ஓவியமும் மேற்கத்திய எண்ணெய் வண்ணமும். மூடுபனி மலைகளை வரையப் பழகிய தூரிகையால் இந்த வெயிலை எப்படி வரைவது? தென்னையை, சாரோங் கட்டிய பெண்ணை, கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டை எப்படி வரைவது? 1952இல் அவரும் சென் வென் சி, லியு காங், சென் சோங் சுவீ ஆகியோரும் சேர்ந்து பாலித் தீவுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே அங்கு கண்டதை வரைந்து இங்கே கண்காட்சி வைத்தார்கள். லியு காங் 1954இல் வரைந்த 'ஓவியரும் மாடலும்' படத்தைப் பாருங்கள். பாலிப் பெண் ஒருத்தியை சென் வென் சி வரைந்துகொண்டிருக்கிறார். உருவங்களைச் சுற்றி, மெழுகால் கோடிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியில் வருவதுபோல வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. எண்ணெய் வண்ணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, கோடு இந்த வட்டாரத்தின் துணியிலிருந்து வந்தது. இப்படி உருவானதைத்தான் நன்யாங் பாணி என்கிறார்கள். நன்யாங் என்றால் சீன மொழியில் தென்கடல், அதாவது நம் தென்கிழக்காசிய வட்டாரம்.

வேறு ஊரிலிருந்து மொழியையும் பழக்கத்தையும் சுமந்து வந்தவர்களுக்கு, அதாவது நமக்கு, இதைவிட நெருக்கமான பாடம் எங்கே கிடைக்கும்? கொண்டுவந்ததை அவர்கள் தூக்கி எறியவில்லை, அதற்குள்ளேயே அடைந்து கிடக்கவும் இல்லை.

இன்னொரு சிங்கப்பூர் ஓவியரான சுவா மியா டீயின் வழி வேறு. கண்ணால் கண்டதை உள்ளபடி வரைந்தவர் அவர். 1959இல், சிங்கப்பூர் சுயாட்சி பெற்ற ஆண்டில், 'தேசிய மொழி வகுப்பு' வரைந்தார். மலாய் ஆசிரியர் நிற்கிறார், மாணவர்கள் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்? ஒரு நாடு தொடங்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள் அவை. அந்தக் காலத்தின் ஆர்வத்தை எந்தப் பாடநூலும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

அப்புறம் நம்மவர்கள். 1988இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் என்ற மூன்று இளைஞர்கள் 'திரிமூர்த்தி' என்று கண்காட்சி வைத்தார்கள். ஆளுக்கொரு மரபு, ஒரே கூடம். தேசிய அரும்பொருளகத்துக்குப் போனால் குமாரி நாகப்பனின் பெரிய வெண்கல மிளகாயைப் பார்க்கலாம். நம் சமையலறைச் சாமான் அங்கே சிற்பமாக நிற்பதில் எனக்குப் பெருமைதான்.

பெற்றோர்களே, பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும்தான் 2015 முதல் தேசியக் கலைக்கூடம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒரே ஓவியத்தின் முன் பத்து நிமிடம் உட்காருங்கள், பிள்ளை முதலில் பேசட்டும்.