ஸ்கின் கலர் தீர்ந்துபோன நாள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இக்கூட்டத்துக்குத் தம் வீட்டிலிருந்தே நாற்காலிகளை அனுப்பிவைத்த நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் கற்பித்து, இன்றும் என் ஒற்றுப்பிழைகளைக் குறித்துக்கொள்வதற்காகவே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, வேலை நேரம் முடிந்த பின்னும் நமக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு நன்றி.

பிடித்த எழுத்தாளர் ஒருவருக்கு நன்றி சொல்லுமாறு பணித்தார்கள். நான் தேர்ந்தவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின். 1929-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்து, வாழ்வின் பெரும்பகுதியை ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் கழித்து, 2018 சனவரியில் மறைந்தவர். அவரிடம் நான் பெற்றவை மூன்று: பெயரைப் பற்றி ஒன்று, அளவைப் பற்றி ஒன்று, நிறத்தைப் பற்றி ஒன்று. என் பாட்டி எதற்கெடுத்தாலும் “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பார். ஆகவே அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

இளையோருக்கு ஒரு நாவல் எழுதித் தருமாறு பெர்க்லியின் சிறு பதிப்பகம் ஒன்று அவரைக் கேட்டது. அதுவரை கதைகளில் வந்த மந்திரவாதிகள் பெரும்பாலும் வெண்தாடிக் கிழவர்கள். அந்தக் கிழவர் சிறுவனாக இருந்தபோது எப்படி இருந்திருப்பார், எங்கே படித்திருப்பார் என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான் 1968-இல் வெளிவந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’. காண்ட் என்னும் தீவில் ஆடு மேய்த்த கெட் என்ற சிறுவன், ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். கூழாங்கல்லை உண்மையாகவே வைரமாக்கினால் உலகின் சமநிலையே மாறும், ஒரு விளக்கை ஏற்றினாலும் ஒரு நிழல் விழும் என்று ஆசிரியர் எச்சரிக்கிறார். பையன் கேட்கவில்லை. சக மாணவனிடம் வீறாப்புக் காட்டப்போய், அளக்காமல் செய்த மந்திரத்தால் ஒரு நிழலுருவை அவிழ்த்துவிடுகிறான். மீதிக் கதை முழுவதும் அந்த நிழல் அவனைத் துரத்துவதும் அவன் அதைத் துரத்துவதுமாகவே போகிறது. என் பாட்டி அந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்திருக்க வேண்டியவர்.

இனி நிறம். எர்த்சீ என்னும் அந்தக் கற்பனை உலகின் தீவுகளில் வாழ்வோரில் பெரும்பாலோர் கருமையான தோலுடையவர்கள். கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய உயிர்த்தோழன் வெட்ச் கறுப்பன், கப்பலில் வந்து கொள்ளையடிக்கும் கார்க் மக்கள்தாம் வெள்ளையர். 1968-இல் அப்படி எழுதினார். அதையும் முதல் பக்கத்திலேயே முரசறைந்து சொல்லாமல், வாசகர் கெட்டோடு நெடுந்தூரம் நடந்து அவனைத் தம் பிள்ளையாகவே நினைத்துவிட்ட பிறகு, போகிற போக்கில் தெரியவிட்டார். அது திட்டமிட்டே செய்தது என்று பின்னர் சொல்லியும் இருக்கிறார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட்டவர் அவர். ஆனால் பல பதிப்புகளின் அட்டைகளில் கெட் வெள்ளைக்காரனாகவே வந்தான். 2004-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளைக்காரனாகவே வந்தான். அவர் வாளாவிருக்கவில்லை, கண்டித்து எழுதினார்.

இதன் பொருள் எனக்கு விளங்கியது இதே நூலகத்தின் பின்னறையில், சிறுவர்களுக்கு நான் கதை சொல்லும் ஒரு சனிக்கிழமையில். கெட்டின் கதையைத் தமிழில் சொல்லிவிட்டு, பன்னிரண்டு பிள்ளைகளிடம் அவனை வரையச் சொன்னேன். ஒரே ஒரு கிரேயான் பெட்டி. ஐந்து நிமிடத்தில் பூசல்! வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருக்குமே, கடைக்காரர் முதல் ஆசிரியர் வரை எல்லாரும் ‘ஸ்கின் கலர்’ என்கிறார்களே, அதற்காகத்தான். பன்னிரண்டு பேருக்கும் அதுதான் வேண்டும். கடைசியில் குச்சி நகக்கண் அளவுக்குத் தேய்ந்துபோக, ஒரு பையன் விம்மிக்கொண்டே வந்து, “மாமா, ஸ்கின் கலர் தீர்ந்துபோச்சு, இனிமே ஆளுக்கு என்ன அடிக்கிறது?” என்றான். நான் அவன் கையைப் பிடித்து அவன் கண்ணெதிரே நீட்டினேன். நல்ல பனங்கருப்பட்டி நிறம். அவன் கையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், மறுபடியும் கையைப் பார்த்தான். அதற்குள் மூலையில் இருந்த ஒரு சிறுமி, “அப்ப கெட்டு எங்க சித்தப்பா மாதிரியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எங்க சித்தப்பாவும் ஆடுதான் மேய்க்கிறாரு” என்றாள். அன்று மாலைக்குள் பழுப்புக் குச்சியும் தீர்ந்துவிட்டது. புதிய பெட்டிக்கு நூலகர் அம்மா தம் கைப்பணத்தைத் தந்தார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெயரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னது இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். ஒன்றை மட்டும் விட முடியாது. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லாமல் எழுதியவரும் அவரே. அந்தக் குறையைத் தாமே உணர்ந்து, 1990-இல் அதே எர்த்சீ வரிசையில் வந்த ‘தெஹானு’ என்ற நாவலில் ஒரு விவசாயியின் கைம்பெண்ணையும், தீயில் கருகிய ஒரு சிறுமியையும் கதையின் நடுவே நிறுத்தினார். புகழ்பெற்ற பின் தம் கணக்கைத் தாமே திருத்துவோர் அரியர்.

2014-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை அவருக்குப் பதக்கம் அளித்தது. அந்த மேடையில், பதிப்பாளர்களை எதிரே வைத்துக்கொண்டே, மின்னூலுக்குப் பொதுநூலகங்களிடம் மட்டும் ஆறேழு மடங்கு விலை வாங்குகிறீர்களே என்று அவர் கேட்டார். அவருக்கு நன்றி சொல்ல வந்த நான் நூலகத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் அது முறையாகாது. நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. இங்கோ போட்டித் தேர்வு நூல்கள் நான்கு அலமாரி, சிறுவர் கதைகள் அரை அலமாரி. பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் கதவும் சாத்தியாகிவிடுகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நூலகத்தில் போடுவதை அளக்க வேண்டாமா? நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் தலையசைப்பதை அவையோர் குறித்துக்கொள்ளவும். மாலை எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும், சிறுவர்களின் மாயப் புனைகதைகளுக்கென்று ஒரு முழு அலமாரி வேண்டும் என்ற விண்ணப்பம் வாசலருகே மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான், கையெழுத்திட்டவர்கள் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போகும்படி வேண்டிக்கொள்கிறேன். வணக்கம்.